பின் ஒழுங்கையால் வரவும்

அந்த ஸிப் ஃபைலுக்குள் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டவள் நான்தான். வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. கட்டப் பார்த்தேன். ஒஃபீஸ் பெரியவர் தலையில், இன்டர்நெட் தலையில், அந்த வெளிநாட்டுத் தளத்தின் தலையில் எல்லாம் வைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் நிற்கவில்லை, சுற்றிச் சுற்றி என்னிடமே வந்தது.

கண்டி டவுனில் ஒரு சின்ன ஒஃபீஸில் எனக்கு வேலை. கிராமத்துக் குடிநீர்த் திட்டங்களுக்கு வரைபடம் செய்து கொடுப்போம். தண்ணீர்த் தாங்கி எங்கே, வால்வு எங்கே, எந்த வீட்டுக்கு எந்தக் குழாய் போகிறது, எல்லாவற்றையும் ஜிபிஎஸ் கருவியோடு நடந்து நடந்து எடுத்து வந்து கணினியில் புள்ளியும் கோடுமாக ஏற்ற வேண்டும். ஒஃபீஸ் பெரியவர் ஒரு சிங்களவர், நாங்கள் சேர் என்போம். பக்கத்து மேசையில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், நில அளவையாளராக இருந்து பென்ஷன் எடுத்தவர். ஒஃபீஸுக்குப் பின்னால் ஓர் அறை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். நான் தினமும் கெலிஓயாவிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன்.

அந்த வருஷம் திகனப் பக்கத்துத் திட்டம் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் ராத்தா, என் கூடப் பிறந்த அக்கா, கல்யாணம் முடித்துப் போன ஊர் அது. மச்சானுக்கு பஸாரில் பிளாஸ்டிக் சாமான் கடை. இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நாலு. பகல் சாப்பாடு ராத்தா வீட்டில் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன்.

வேலை தொடங்கிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. மீட்டர் பார்க்கப் போகிறவர்கள் பாதி வீடுகளில் கேட் பூட்டு என்று திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். சேருக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. எங்கள் முஸ்லிம் வீடுகளில் பகலில் ஆண்கள் கடையில் இருப்பார்கள். பெண்கள் உள்ளே இருந்தாலும், தெரியாத ஆண் வந்து கேட்டைத் தட்டினால் திறக்க மாட்டார்கள், சத்தமும் கொடுக்க மாட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் போகும் ஒழுங்கையால், அந்தச் சின்னச் சந்தால் வந்து, ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரி யார் என்று சொன்னால் பேசுவார்கள். இதைச் சேருக்குச் சொன்னேன். "அப்படியென்றால் மிஸ், ஒவ்வொரு வீட்டுக்கும் எப்படிப் போக வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள்" என்றார் சிங்களத்தில். அட்டவணையில் குறிப்புக்கென்று மேலிருந்து கீழாக ஒரு நிரல் சேர்த்தேன். மீட்டர் பார்ப்பவர்கள் சிங்களவர்கள் என்பதால் சிங்களத்திலேயே எழுதினேன். இந்த வேலையை என்னைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது என்று ஒரு பெருமை வேறு எனக்கு. அந்தப் பெருமையைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ராத்தா வீட்டுப் புள்ளியை எடுக்கும்போது அவள் முற்றத்தில் நின்று எனக்கே உத்தரவு போட்டாள்.

"எழுதிக்கோ. ஆம்புளயள் பகல்ல கடையில. முன் கேட் எந்த நேரமும் பூட்டு. பின் ஒழுங்கையால வரச் செல்லு, நான் ஜன்னலால பாத்துட்டுத் தொறப்பேன்."

அப்படியே எழுதினேன். வீட்டுக்காரர் பெயர் என்ற நிரலில் மச்சானின் பெயர். குறிப்பு என்ற நிரலில், பகலில் பெண்கள் மட்டும், முன் கேட் பூட்டு, பின் ஒழுங்கையால் வரவும். அந்த ஊரில் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு இப்படி எழுதினேன். நம் நாட்டில் ஒரு பெயரைக் கேட்டால் போதும், ஆள் எந்த இனம், எந்த மதம் என்று அடுத்த கேள்வி கேட்கத் தேவையில்லை.

வரைபடத்தை முடித்ததை விட, அதை ஊர்க் குடிநீர்ச் சங்கத்துக்கு அனுப்பி வைத்ததுதான் பெரும் பாடு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வரைபடத்தின் ஓர் அடுக்கு என்பது ஒரே ஃபைல் இல்லை. ஒரே பெயரில் ஐந்து ஃபைல்கள். ஒன்றில் புள்ளிகள். ஒன்றில் அந்தப் புள்ளிகளின் வரிசை. ஒன்றில் பெயர், குறிப்பு எல்லாம் கொண்ட அட்டவணை. ஒன்று, இந்தப் புள்ளிகள் எந்த அளவுமுறைப்படி பூமியில் நிற்கின்றன என்று சொல்லும். ஐந்தாவது, எழுத்துகளை எப்படி வாசிக்க வேண்டும் என்று சொல்லும். ஐந்தும் ஒன்றாகப் போக வேண்டும், ஒன்று குறைந்தாலும் கதை கந்தல்.

முதல் தடவை புள்ளி ஃபைலை மட்டும் அனுப்பினேன். திறக்கவே இல்லை என்று சங்கத்துச் செயலாளர் போன் எடுத்தார். இரண்டாம் தடவை அளவுமுறை ஃபைல் விடுபட்டுப் போயிற்று. நம் நாட்டில் பழைய அளவு, புதிய அளவு என்று இரண்டு உண்டு. பழையதில் எடுத்ததைப் புதியது என்று கணினி நினைத்தால் வீடுகள் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் போய் விழும். திகன வீடுகள் மொத்தமும் தென்மேற்கே இந்து சமுத்திரத்தில் மிதந்தன. ஐயா எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, உம்மட ஆக்கள் எல்லாரையும் கடலுக்கை கொண்டுபோய் விட்டிட்டீர். இனி இவைக்குக் குழாய்த் தண்ணி என்னத்துக்கு?" என்றார். ஒஃபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் தடவை சிங்கள எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியாக வந்தது. குறிப்பு நிரல் முழுக்கப் பெட்டிகள். இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். சாப்பாட்டை மறந்து, அதை மாற்றி இதை மாற்றி, கடைசியில் அந்த ஐந்தாவது ஃபைலைச் சரியாக எழுதி வைத்ததும் எழுத்துகள் பளிச்சென்று வந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்று கதிரையில் சாய்ந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு நான் தோற்றுப் போயிருக்கலாம்.

எல்லா அடுக்குகளும் சேர்ந்தால் மின்னஞ்சலில் போகாத பாரம் என்பதால் வரைபடங்களை இலவசமாகப் பகிரும் ஒரு வெளிநாட்டுத் தளத்தில் ஏற்றினேன். பாஸ்வேர்ட் போட்டுத்தான் ஏற்றினேன். மூன்று நாள் செயலாளர் போன் எடுத்து எடுத்து, பாஸ்வேர்ட் வேலை செய்யவில்லை என்று உயிரை வாங்கினார். எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. பாஸ்வேர்டை எடுத்துவிட்டு யாரும் திறக்கலாம் என்று வைத்தேன். இனி எவராவது அது இல்லை, இது இல்லை என்று வாயைத் திறக்கட்டும் பார்ப்போம் என்று அந்த ஃபோல்டரில் இருந்த அத்தனையையும் ஒரே ஸிப்பாகக் கட்டிப் போட்டேன். தளத்தின் வரைபடத்தில் புள்ளியைத் தொட்டால் பெயரும் குறிப்பும் தெரியாதபடி அந்த நிரல்களின் டிக்கை மட்டும் எடுத்துவிட்டேன். இணைப்பு இலக்கம் மட்டும் தெரிந்தது. அது போதும் என்று நினைத்தேன். செயலாளர் நன்றி சொன்னார். ஸிப் லிங்கைச் சங்கத்தின் பக்கத்தில் எல்லோருக்கும் பகிர்ந்தார்.

நாலு மாதம் கழித்து எங்கள் ஆட்களுக்கு எதிராகக் கலவரம் வந்தது.

அன்று காலையே கண்டியில் கடைகள் மூடத் தொடங்கியதால் நான் வேலைக்குப் போகவில்லை. பகல் ஊரடங்கு போட்டார்கள். சேர் கொழும்பில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வாட்ஸ்அப், ஃபேஸ்புக் எல்லாம் மூடிக் கிடந்தன. சாதாரண போன் கோல் மட்டும் பத்துத் தடவைக்கு ஒரு தடவை போனது. பகல் ழுஹர் தொழுதுவிட்டு எழும்பும்போது ராத்தாவின் கோல் வந்தது.

"தங்கச்சி, ரோட்டுப் பக்கம் சத்தம் கேக்குது. பொகையும் தெரியிது. ஒங்கட மச்சான் கடையப் பாக்கப் பெய்த்தாரு, இன்னம் வரல்ல."

"வீட்டுல யாரு ஈக்கிற?"

"நானும் புள்ளயளும்தான். முன் கேட்டப் பூட்டிட்டேன். பயப்புடாத. துஆ கேளு."

போன் அறுந்தது. முன் கேட்டைப் பூட்டிவிட்டேன் என்று அவள் சொன்ன அந்த இடத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. முன் கேட் பூட்டு. இதை நான் எங்கோ எழுதியிருக்கிறேனே.

கைப்போனில் அந்த லிங்கைத் திறந்தேன். வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கால் மணி நேரம் கழித்து ஸிப் இறங்கியது. அட்டவணையைத் திறந்தேன். நான் திரையில் மறைத்த நிரல்கள் இரண்டும் அதற்குள் முழுசாக இருந்தன. டிக்கை எடுத்தால் திரையில்தான் மறையும், பொதிக்குள் அப்படியே கிடக்கும் என்று இத்தனை வருஷம் இந்த வேலை செய்தவளுக்குத் தெரியாமல் போயிற்றா? தெரியும். யோசிக்கவில்லை. மச்சானின் பெயர். பகலில் பெண்கள் மட்டும். பின் ஒழுங்கையால் வரவும். சிங்கள எழுத்து ஒன்றும் உடையவில்லை, அச்சடித்தது போல் நின்றது.

யா அல்லாஹ், நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று சுவரில் தலையை முட்டினேன்.

ராத்தாவுக்குக் கோல் எடுத்தேன், போகவில்லை. மறுபடி எடுத்தேன். மறுபடி. தளத்துக்குள் நுழைய என் போனில் பாஸ்வேர்ட் இல்லை; புதிதாகக் கேட்டால் சேரின் போனுக்கு ஓர் இலக்கம் போகும், சேரின் போன் வேலை செய்யவில்லை. ஒஃபீஸ் கணினியில் மட்டும் தளம் எப்போதும் திறந்தபடி இருக்கும். ஐயாவுக்கு எடுத்தேன். ஆறாவது தடவை மணி அடித்தது. அழுகையும் பேச்சும் கலந்து சொன்னேன்.

"அழாதையும். ஒஃபீஸ் பூட்டுத் திறப்பு என்னட்டைத்தான் இருக்குது. நான் இப்ப போறன்."

"ஐயா, ஊரடங்கு. மூலையில பொலிஸ் நிக்கும்."

"ஓம், நிக்கிறாங்கள்தான். ஒழுங்கையைக் கடக்கிறது ரெண்டு எட்டு. நீர் போனை வைக்காதையும்."

அவருடைய அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். யுத்த காலத்தில் அந்த அட்டைக்காகவே இரண்டு தடவை பொலிஸில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள் என்று ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட மனிதரை நான் ஊரடங்கில் ரோட்டுக்கு இறக்கினேன். போனில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஷட்டர் சத்தம்.

"வந்திட்டன். சொல்லும், என்ன செய்ய?"

பக்கத்தை அழிக்கச் சொன்னேன். அழித்தார். என் போனில் லிங்கைத் தட்டினேன். பக்கம் போய்விட்டது, ஆனால் ஸிப் இறங்குகிறது! பக்கத்தை அழித்தாலும் ஃபைல் அதன் இடத்திலேயே கிடந்தது. அதை அழிக்கிற பொத்தானை ஐயா தேடினார், நான் கத்தினேன், அவர் தேடினார். கிடைக்கவில்லை. இடையில் ராத்தாவுக்கு எடுக்கவும் முடியவில்லை, எடுத்தால் ஐயாவின் கோல் அறுந்துவிடும் என்று பயம். என் காதில் ஒரு போன், மனசு முழுக்கத் திகன.

"அதே பேரில வேற ஒண்டை மேலால ஏத்தினால் என்ன?" என்றார் ஐயா.

சரியான யோசனை. அட்டவணையில் பெயரையும் குறிப்பையும் வெறுமையாக்கி, அதே பெயரில் ஸிப் கட்டி ஏற்றினால் பழையது போய்விடும். ஐயா ஒற்றை விரலால் தட்டுகிறவர். நிரலைத் தெரிவு செய்யுங்கள், அழியுங்கள், சேமியுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவசரத்தில் அட்டவணை ஃபைலை மட்டும் ஸிப் கட்டச் சொல்லிவிட்டேன். தளம் ஏற்க மறுத்தது. பொதி முழுமையில்லையாம். அடப்பாவி! அள்ளிப் போட வேண்டாத நாளில் அள்ளிப் போட்டேன், இன்றைக்கு ஒன்று குறைகிறதென்று வாசலில் நிறுத்துகிறான்.

ஐந்தையும் சேர்த்துக் கட்டினோம். ஏற்றினோம். பாதியில் அறுந்தது. மறுபடி. முடியப் போகிற நேரத்தில் அறுந்தது. எனக்கு வெறி பிடித்துவிட்டது. "ஏத்துங்க ஐயா, ஏத்துங்க, எங்கட ராத்தாவுக்கு ரெண்டு சின்னப் புள்ளயள் ஈக்கி" என்று அலறினேன். அவருக்கு எதிரே இருந்த இயந்திரத்துக்கு அது கேட்குமா? அவர், "ஏத்திறன் பிள்ளை, ஏத்திறன்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாம் தடவை ஏறியது. நான் ஸிப்பை மறுபடி இறக்கித் திறந்து பார்த்தேன். பெயர் இல்லை, குறிப்பு இல்லை. வெறும் இலக்கங்கள். பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லி வெகு நேரமாகியிருந்தது.

ஒரு கேள்விதான் மிச்சம். ஃபைலுக்குப் பக்கத்தில், அதை எத்தனை தடவை இறக்கியிருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு இருக்கும். அதைப் பார்க்கச் சொன்னேன்.

"ஒண்டு எண்டு கிடக்குது, பிள்ளை."

ஒன்று. அது இப்போது நான் இறக்கியது. அப்படியென்றால் வேறு யாரும் எடுக்கவில்லை. யாருமே எடுக்கவில்லை! நெற்றி நிலத்தில் பட ஸஜ்தாவில் விழப் போனேன். விழுவதற்கு முன் விளங்கியது. பகலும் இறக்கியிருந்தேனே, ஒன்றுக்கு மேல் அல்லவா இருக்க வேண்டும்? செயலாளர் வேறு எடுத்திருப்பார். புதிய ஃபைல் ஏறியதும் கணக்கும் புதிதாகத் தொடங்கியிருக்கிறது. பழைய கணக்கை நானே அழித்துவிட்டேன். அழிக்க முன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

பொழுதுபடும் நேரம், மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் தெரியாத இலக்கத்திலிருந்து கோல் வந்தது. ராத்தா.

"நாங்க ஈக்கிறோம். புள்ளயளும் ஈக்கிறாங்க. மச்சானும் வந்துட்டாரு, கையில மட்டும் காயம். பக்கத்து வீட்டுச் சிங்கள நோனாட குசினியில ஈக்கிறோம், அவட போன்தான் இது."

நான் வாய்விட்டு அழுதேன். அவள் அழவில்லை.

"வீடு பெய்த்துட்டுது, தங்கச்சி. எல்லாம் பெய்த்துட்டுது. முன் கேட்ட அவங்க தொடவே இல்ல. பின் ஒழுங்கையால வந்தாங்க. நோனா சொவருக்கு மேலால புள்ளயள இழுத்தெடுத்தா. நான் சும்மா நின்டீந்தா..."

அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள்.

ஒஃபீஸ் திறந்த முதல் நாள் ஐயாவிடம் மட்டும் இதைச் சொன்னேன்.

"அந்த ஒழுங்கை ஊருக்கே தெரிஞ்ச ஒழுங்கை, பிள்ளை. வந்தவங்களுக்கு வழிகாட்ட ஊருக்குள்ளையே ஆள் இருந்திருக்கும். உம்மட வரைபடம் தேவைப்பட்டிராது."

"நிச்சயமாவா ஐயா?"

"கொழும்பில எங்கட வீட்டுக்கும் எண்பத்திமூண்டுக் கலவரத்தில ஒரு பட்டியலோடதான் வந்தவங்கள்," என்றார். "வாக்காளர் பட்டியல். அதை ரைப் பண்ணின கிளாக்கரை நான் இண்டைக்கும் நினைக்கிறனான். அவன் தன்ர வேலையைத்தான் செய்தவன். அவனுக்கு ஒண்டும் தெரிஞ்சிராது." என்னைத் தேற்றத்தான் சொன்னார். நான் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

ராத்தாவிடம் சொல்ல எத்தனையோ தடவை போனேன். அவளுடைய தற்காலிக வீட்டில், பிள்ளைகளுக்குப் புதுப் புத்தகம் வாங்கிக் கொடுத்த அன்று, பெருநாளன்று. ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு பிளேன்டீயை என் கையில் தந்து, நீ அன்றைக்கு எங்களுக்காக எவ்வளவு துஆ கேட்டிருப்பாய் என்று சொல்லுவாள். நான் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

இரண்டு வருஷம் கழித்து அந்த இடத்திலேயே வீட்டைக் கட்டி முடித்தார்கள். குழாய் இணைப்புப் புதிதாகக் கொடுக்க வேண்டும், வரைபடத்தைத் திருத்த வேண்டும் என்று சங்கம் எங்கள் ஒஃபீஸுக்கே எழுதியது. சேர் என்னையே அனுப்பினார். அதே கருவியோடு அதே வாசலில் போய் நின்றேன். புதுக் கேட், இரும்பு, ஆள் உயரத்துக்கு மேல். அதுவும் பூட்டுத்தான்.

ராத்தா பின் பக்கத்தால் வந்து என்னைக் கூட்டிப் போனாள். மீட்டரைக் காட்டினாள். நான் புள்ளியை எடுத்தேன்.

"விபரம் எழுதல்லயா?" என்றாள்.

"எழுதணும், ராத்தா."

"சரியா எழுது. போன மாசமும் மீட்டர் பாக்க வந்த பொடியன் கேட்டுல தட்டிட்டுத் திரும்பிப் பெய்த்தான். முன் கேட் பூட்டுன்டு எழுது. பகல்ல நாங்க மட்டும்தான்டு எழுது. பின் ஒழுங்கையால வரச் செல்லு, முந்தி எழுதினாப் போல."

கருவியின் திரையில் குறிப்பு என்ற பெட்டி திறந்து கிடந்தது. அதற்குள் கோடு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. ராத்தா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். வெயிலில் அவளுக்குத் திரை தெரியவில்லை.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன், ராத்தா" என்று சொல்லி, வெறும் பெட்டியைச் சேமித்தேன்.